வினாகிரி முட்டையும் ஏழு வயது மகளின் கடைவாய்ப்பல்லும்

கேள்வி: நாங்கள் கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்றரை. சென்ற ஆண்டு ஈஸ்டருக்கு மகள் ஒரு கூடை நிறைய இனிப்புகளோடு வந்தாள். கூடையைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். ஒரே நாளில் அள்ளித் தின்னாமல் அளவோடு இருக்கிறாளே என்று நானும் மகிழ்ந்தேன். அண்மையில் இரண்டு பாற்பற்களில் சூத்தை என்று சொல்லி அடைத்திருக்கிறார்கள். இந்த முறை கூடையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? வகுப்பில் முட்டைக்குச் சாயம் பூச அவித்த முட்டை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். சாயத்தில் வினாகிரி விடுகிறார்களே, பிள்ளைகள் விரலை நக்குவார்களே, பல்லுக்குக் கெடுதல் இல்லையா? சாயம் பூசிய முட்டையைச் சாப்பிடலாமா? இனிப்புச் சாப்பிட்டவுடன் பல் தீட்ட வேண்டும் என்கிறார் என் கணவர், அது சரியா? ஏப்ரல் வந்தால் மகளுக்கு மூக்கடைப்பு வேறு. இரவெல்லாம் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறாள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். "அளவோடு இருக்கிறாளே என்று மகிழ்ந்தேன்." எந்தத் தாயும் அப்படித்தான் மகிழ்வாள். ஆனால் சூத்தைக்கு வழி விட்டது கூடையில் இருந்த இனிப்பின் அளவைவிட அந்த மூன்று வாரம்தான். இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. வயிற்றுக்கு நல்லதாக இருக்கும் ஒரு பழக்கம் பல்லுக்கு நேர் எதிராக வேலை செய்யும் இடம் இது. யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒரேயொரு ஈஸ்டரில் சூத்தை விழுந்துவிடுவதும் இல்லை. பல மாதங்களாகத் தொடங்கியிருந்த ஒன்றை அந்த மூன்று வாரம் தள்ளிவிட்டிருக்கும், அவ்வளவுதான்.

வினாகிரியைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முட்டைச் சாயக் கிண்ணத்துக்குள்ளேயே முழுப் பாடமும் இருக்கிறது.

முட்டைக் கோது ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. கடையில் வாங்கும் வெள்ளை வினாகிரியில் ஐந்து விழுக்காடு அசற்றிக் அமிலம் இருக்கும். முட்டையை அதில் இட்டவுடன் கோதின் மேல் பொட்டுப் பொட்டாகக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது. சாயக் கிண்ணத்தில் வினாகிரி ஒரு தேக்கரண்டிதான் என்பதால் கோது கரைந்துபோகாது, மேற்பரப்பு இலேசாகச் சொரசொரப்பாகும். கோதின் மேலே மெல்லிய புரதப் படலம் ஒன்றும் உண்டு. அமிலம் பட்டால் அந்தப் புரதம் சாயத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். வினாகிரி இல்லாமல் சாயம் வெளிறிப்போவது அதனால்தான்.

பல்லின் வெளிப்பூச்சான எனாமல் சுண்ணாம்பு அல்ல, கால்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த கனிமம். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். வினாகிரியில் முட்டைக் கோது கரையும் வேகத்தில் பல் கரையாது. ஆகவே விரலில் ஒட்டிய நீர்த்த வினாகிரியை இரண்டு தடவை நக்கிவிட்டாள் என்று அஞ்ச வேண்டாம். உமிழ்நீர் அதைச் சில நிமிடங்களில் கழுவிவிடும்.

ஆனால் கோழிக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கோழி ஏறத்தாழ இருபது மணி நேரத்தில் புதுக் கோது ஒன்றைக் கட்டிவிடும். எனாமலைக் கட்டும் உயிரணுக்களோ பல் ஈற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்கு முன்பே மறைந்துவிடுகின்றன. ஏழு வயதில் முளைத்த பல்லுக்கு எழுபது வயது வரைக்கும் அந்த ஒரு பூச்சுத்தான். பாற்பல்லில் அந்தப் பூச்சு இன்னும் மெல்லியது, நிலையான பல்லில் இருப்பதில் பாதியளவு. அதனால்தான் பாற்பல்லில் சூத்தை விழுந்தால் விரைவாக உள்ளே ஓடுகிறது.

இனி அந்த மூன்று வாரத்துக்கு வருகிறேன். வாயில் இருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. ஒரு இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் பல்லை ஒட்டிய படலத்தின் பிஎச் அளவு (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு கூடக் கூட அது குறையும்) 5.5க்குக் கீழே இறங்கிவிடும். அந்த அளவுக்குக் கீழேதான் எனாமலின் கனிமம் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலே பிடிக்கும். வந்த பிறகு, உமிழ்நீரில் இருக்கும் கால்சியமும் பொஸ்பேற்றும் இழந்த இடத்தில் மெல்லப் போய் ஒட்டும். பல் நாள் முழுவதும் இப்படித்தான் கொஞ்சம் இழந்தும் கொஞ்சம் பெற்றும் வாழ்கிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு உங்கள் மகள் பத்துச் சின்னச் சொக்லேட் முட்டைகளைத் தின்றால் பல்லுக்கு அது ஒரு தாக்குதல். அதே பத்தை அறையில் வைத்துக்கொண்டு மணிக்கு ஒன்றாகத் தின்றால் பத்துத் தாக்குதல், இடையில் மீள நேரமே இல்லை. பல் சர்க்கரையை நிறுத்துப் பார்ப்பதில்லை, எத்தனை தடவை என்றுதான் எண்ணுகிறது.

இது நான் ஊகித்துச் சொல்வதல்ல. 1940களில் சுவீடனின் லுண்ட் நகரில், வீப்பேஹோல்ம் என்ற காப்பகத்தில் இருந்த அறிவு வளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்குச் சர்க்கரையைப் பல விதமாகக் கொடுத்துப் பற்களைப் பார்த்தார்கள். சிலருக்குச் சாப்பாட்டோடு, சிலருக்கு இடைவேளைகளில், பல்லில் ஒட்டுவதற்கென்றே செய்த ரொபியாக. சாப்பாட்டோடு சர்க்கரை எடுத்தவர்களுக்குச் சூத்தை அதிகம் கூடவில்லை. இடைவேளை ரொபி தின்றவர்களின் பற்கள் பாழாயின. வாய் திறந்து மறுக்கத் தெரியாத மனிதர்களின் பற்களை அழித்துப் பெற்ற அறிவு அது. அதைச் சொல்லாமல் அந்த ஆய்வின் முடிவை மட்டும் எடுத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. அதன் பிறகு சுவீடனில் பிள்ளைகளுக்கு வாரத்தில் சனிக்கிழமை மட்டும் இனிப்பு என்று ஒரு வழக்கம் வந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

ஆகையால் கூடை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இருப்பது தன் கையில் மட்டும் இல்லாவிட்டால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது நீண்ட நாள் வலி. பல் மருத்துவர் சொன்னார் என்று அந்தப் பழியை நீங்கள் என் தலையில் போடுவதையும் நான் விரும்பவில்லை.  ஈஸ்டர் அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டதும் கூடையை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வேண்டியதை அவளே தெரிந்தெடுத்து, உட்கார்ந்து, ஆசை தீரச் சாப்பிடட்டும். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீர். கூடை சமையலறை அலமாரிக்குப் போகட்டும். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு நாள், சாப்பாட்டுக்குப் பின். படுக்கையறையில் மட்டும் இனிப்பு கூடாது. இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கூடையில் இருப்பவை எல்லாம் ஒன்றல்ல. சொக்லேட் வாயில் உருகி விரைவில் போய்விடும், இருப்பவற்றுள் அதுவே மேல். ஜெலி பீன்ஸ், கரமல், ரொபி வகைகள் கடைவாய்ப்பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். ஈஸ்டர் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்த சிறுவனின் கீழ்க் கடைவாய்ப்பல்லில் பச்சை நிறத்தில் ஏதோ தெரிந்தது. கருவியால் நெம்பினேன், அரை ஜெலி பீன் வெளியே வந்தது. இரண்டு நாளாக அது அங்கேயே இருந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. புளிப்பு மிட்டாய்கள் எல்லாவற்றிலும் மோசம். அவற்றில் சர்க்கரையோடு சித்திரிக் அமிலமும் உண்டு, நுண்ணுயிர்களுக்காகக் காத்திராமல் நேரே எனாமலைத் தாக்கும். கூடையிலிருந்து எதையாவது எடுத்துவிட வேண்டுமென்றால் அவற்றை எடுங்கள்.

மகனுக்கு மூன்றரை வயது என்றீர்கள். சூத்தையைவிடப் பெரிய கவலை அங்கே மூச்சடைப்பு. சர்க்கரை ஓடு போட்ட சின்னச் சொக்லேட் முட்டைகள், ஜெலி பீன்ஸ், கடின மிட்டாய்கள், மாஷ்மெலோ எதுவும் அவன் கைக்குப் போகக் கூடாது. ஈஸ்டருக்குத் தோட்டத்தில் ஒளித்து வைத்த முட்டைகளை அக்கா ஓடி ஓடிப் பொறுக்கும்போது தம்பியும் பின்னால் ஓடுவான், கண் அவன் மேல் இருக்கட்டும். அவனுடைய பிளாஸ்ரிக் முட்டைகளுக்குள் ஒட்டுப்படம் வைக்கலாம், பெரிய விதைப் பொதி ஒன்றை அவன் பங்காகத் தனியே கொடுக்கலாம். ஏப்ரலில் ஜன்னலோரச் சட்டியில் விதை போட்டால் மே மாதக் கடைசியில் பனி விழும் பயம் தீர்ந்ததும் வெளியே நடலாம். பிள்ளைகள் இனிப்பைவிட அதை நீண்ட நாள் நினைவில் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் நேரம் சரியில்லை. அமிலம் பட்ட எனாமலின் மேற்பரப்பு சிறிது நேரம் இளகியிருக்கும். புளிப்பு மிட்டாயோ தோடம்பழச் சாறோ உள்ளே போனவுடன் பிரஷ் போட்டால் அந்த இளகிய படையைத் தேய்த்தெடுப்பது போலாகும். தண்ணீர் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுக்கட்டும். ஒரு துண்டுச் சீஸ் கொடுத்தால் உமிழ்நீர் ஊறும், கால்சியமும் கிடைக்கும். மற்றபடி காலையும் இரவும் இரண்டு தடவை, இரண்டு நிமிடம். இரண்டில் இரவுதான் முக்கியம், தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். புளோரைட் உள்ள பற்பசையே வேண்டும். மகளுக்கும் மகனுக்கும் ஒரு பச்சைப் பட்டாணி அளவு போதும், துப்பிவிட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஓர் அரிசி மணி அளவு. துப்பிய பின் வாயை அதிகம் அலச வேண்டாம், பசையின் மிச்சம் பல்லில் தங்கட்டும். ஏழு வயதுப் பிள்ளை தானாகத் தீட்டினாலும் இரவில் நீங்கள் ஒரு தடவை தீட்டிவிடுங்கள். தன் சப்பாத்து நாடாவைத் தானே இறுக்கிக் கட்டத் தெரியாத கைக்குக் கடைவாய்ப்பல்லின் பின்புறம் எட்டாது.

இப்போது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. இன்றிரவு மகளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கைவிளக்கு ஒன்றைப் பிடித்துக் கீழ்த்தாடையின் ஆகப் பின்னால் பாருங்கள். பாற்பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் அகலமான, பள்ளமும் மேடுமான ஒரு பல் முளைத்திருக்கும். ஏறத்தாழ ஆறு வயதில் வரும் முதல் நிலையான கடைவாய்ப்பல் அது. எந்தப் பாற்பல்லும் விழாமல் வெறும் ஈற்றிலிருந்து வருவதால் முளைத்ததே பெற்றோருக்குத் தெரிவதில்லை. அதையும் பாற்பல் என்றே நினைத்து, விழத்தானே போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல் பத்து வயதுக்குள் பாழாகி வருவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு கனக்கிறது. புதிதாக முளைத்த அந்தப் பல்லின் பள்ளங்கள் பிரஷின் நாரைவிடக் குறுகலானவை. அவற்றின் மேல் பாதுகாப்புப் பூச்சு ஒன்றைப் பூசி மூடிவிடலாம். ஊசி இல்லை, குடைவது இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. ஏற்கெனவே இரண்டு சூத்தை கண்ட பிள்ளைக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது. பல்லில் சுண்ணாம்பு தடவினது போல் மங்கலான வெள்ளைத் தடம் எங்காவது தெரிகிறதா என்றும் பாருங்கள். குழி விழுவதற்கு முந்திய கட்டம் அது, புளோரைட் பூச்சாலும் பழக்கத்தாலும் அதைத் தடுத்து நிறுத்த இயலும். செலவு பற்றி எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வருமானம் குறைந்த குடும்பங்களின் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒன்ராறியோ மாகாணத்தின் இலவசப் பல் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டமும் 2024 முதல் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. தகுதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

மூக்கடைப்பையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் பனி உருகியதும் மரங்களின் மகரந்தம் பறக்கத் தொடங்கும். மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடுவாள், வாயால் மூச்சு விட்டால் வாய் உலரும். உமிழ்நீர் இல்லாத வாயில், நான் மேலே சொன்ன பழுதுபார்க்கும் வேலை நடப்பதில்லை. அதாவது இனிப்பு கூடும் அதே மாதத்தில் பல்லின் காவலும் குறைகிறது. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்துகள் சிலவும் வாயை உலர்த்தும், பிள்ளைகளின் பாணி மருந்துகள் பலவற்றில் சர்க்கரையும் உண்டு. மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பல் தீட்டுங்கள். தலைமாட்டில் ஒரு போத்தல் தண்ணீர் இருக்கட்டும், சாறு வேண்டாம். குழாய்த் தண்ணீரே நல்லது, ரொறன்ரோவில் 1963 முதல் அதில் புளோரைட் சேர்க்கிறார்கள். ஆண்டுதோறும் இப்படி அடைக்கிறது என்றால் குடும்ப மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

முட்டைக்கு வருவோம். ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள், மிகவும் புதிய முட்டையை அவித்தால் கோது உரிபடாமல் வெள்ளைக் கருவோடு பிய்ந்து வரும். கீறல் விழுந்த முட்டைகளை ஒதுக்குங்கள். ஒரே அடுக்காகச் சட்டியில் வைத்து, முட்டைக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும்படி குளிர்ந்த தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். பெரிய முட்டைக்குப் பன்னிரண்டு நிமிடம். பிறகு குளிர்ந்த நீரில் போட்டு, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சாயத்துக்கு அரைக் கோப்பைச் சுடுநீர், ஒரு தேக்கரண்டி வினாகிரி, உணவு நிறம் பத்திலிருந்து இருபது துளி, ஐந்து நிமிடம்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் நம் சமையலறையே போதும். வெங்காயச் சருகை ஒரு சட்டி நிறையப் போட்டு அரை மணி நேரம் அவித்து வடித்தால் செம்பு நிறம் கிடைக்கும். மஞ்சள் தூள் சொல்ல வேண்டியதில்லை, விரலிலும் சட்டையிலும்கூட ஒட்டும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பது சிவப்புக் கோவாவை, அதாவது சிவப்பு முட்டைக்கோஸைத்தான். அவித்த தண்ணீரில் வினாகிரி விட்டால் தண்ணீர் செந்நிறமாகும், ஆனால் அதில் கிடந்த வெள்ளை முட்டை நீல நிறமாக வெளியே வரும். கோவாவின் நிறம் புளிப்பில் சிவக்கும், புளிப்புக்கு எதிரான சுண்ணாம்பு போன்றவற்றில் நீலமாகும். கோது சுண்ணாம்பு என்பதால் அதன் மேல் நீலமாகிவிடுகிறது. ஒவ்வொரு கோப்பைச் சாயநீருக்கும் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவிடுங்கள்.

உணவு நிறமோ காய்கறிச் சாயமோ பூசிய முட்டையைத் தாராளமாகச் சாப்பிடலாம். கோதின் நுண்துளைகள் வழியே சற்று உள்ளே இறங்கி வெள்ளைக் கருவில் புள்ளி புள்ளியாக நிறம் தெரிந்தாலும் கெடுதல் இல்லை. பார்க்க வேண்டியது நேரத்தை. குளிருக்கு வெளியே மொத்தமாக இரண்டு மணி நேரம்தான், அவித்த முட்டையை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வகுப்பு மேசையில் நாள் முழுவதும் இருந்து திரும்பி வரும் முட்டை அழகுக்கு மட்டும். தோட்டத்தில் ஒளித்து வைத்த முட்டை வெடித்திருந்தாலோ இரண்டு மணி நேரத்தைத் தாண்டிக் கிடைத்தாலோ குப்பைக்கு. உக்ரேனியக் குடும்பத்துப் பிள்ளைகள் மெழுகுக் கோடு போட்ட மிக அழகான முட்டைகளைக் கொண்டுவருவார்கள், அவை பெரும்பாலும் அவிக்காத முட்டைகள், உண்ணத் தகாத சாயங்கள். கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டை தேடி ஈரப் புல்லில் ஓடும்போது வழுக்கி விழுவதும் நடக்கும். உங்கள் மகளின் முன்பற்கள் புதியவை. நிலையான பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில விநாடி அலசி, அதே குழியில் வைத்து, துணியைக் கடிக்கச் செய்யுங்கள். வைக்க முடியவில்லை என்றால் பாலில் போட்டுக்கொண்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்கும் வாய்ப்பு நிறைய இருக்கிறது. மகனின் பாற்பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது, உள்ளே வளரும் பல் கெடும். ஆனாலும் காட்டுங்கள்.

கடைசியாக, அவித்தவை போக ஒரு பச்சை முட்டையை எடுத்து வையுங்கள். கண்ணாடிக் கோப்பையில் அது மூழ்கும் அளவு வினாகிரி விட்டு, மகளையே உள்ளே இறக்கச் சொல்லுங்கள். குமிழி ஏறுவதை அவளே பார்க்கட்டும். மறுநாள் வினாகிரியை மாற்றுங்கள். இரண்டாம் நாள் மாலை குழாயடியில் மெதுவாகக் கழுவினால் மிச்சக் கோது வெள்ளைச் சேறாக வழிந்து போகும், கையில் மிஞ்சுவது தோல் மட்டும் போர்த்திய, வெளிச்சம் ஊடுருவும் முட்டை. அந்த நேரத்தில் பல்லைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், அவளாகக் கேட்பாள். கழுவும்போது தோல் பிய்ந்து கொட்டக்கூடும், கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். பச்சை முட்டை என்பதால் பிறகு இருவரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள்.